‘டிஜிட்’ என்பது விரலா, இலக்கமா?

கேள்வி இதுதான். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளின் அறிவியல் ஏட்டில் ‘டிஜிட்’ என்றால் கைவிரல், கால்விரல் என்று இருக்கிறது. கணித ஏட்டில் அதே சொல் 0 முதல் 9 வரையுள்ள குறிகளைச் சொல்கிறது. தமிழ்ச் செய்தியில் ‘டிஜிட்டல்’ வர வேண்டிய இடத்தில் ‘மின்னிலக்கம்’ என்று வருகிறது. இவை ஒரே சொல்லிலிருந்து வந்தவையா, வெறும் ஒலி ஒற்றுமையா? தமிழுக்கு வரும்போது விரல் எங்கே காணாமல் போயிற்று?

முதல் இரண்டும் ஒரே சொல்தான். முதலில் விரல், அடுத்து விரலின் அகலம், அதற்கடுத்து விரலால் காட்டக்கூடிய சிறிய எண், கடைசியாகத்தான் தாளில் எழுதும் குறி. ‘மின்னிலக்கம்’ அந்த வழியில் வரவில்லை. ‘இலக்கம்’ என்ற சொல்லுக்கு விரலோடு உறவே கிடையாது. அதன் அடியில் இருப்பது அடையாளம், குறி என்ற பொருள். அதனால் தமிழில் விரல் காணாமல் போகவில்லை; அந்தச் சொல்லுக்குள் அது முதலிலிருந்தே இல்லை. ஆனால் விரலை வைத்து எண்ணியதும் அளந்ததும் தமிழில் வேறு சொற்களில் பத்திரமாக இருக்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

லத்தீனில் ‘டிகிட்டுஸ்’. பழைய ரோமானியர் நடுவில் வரும் எழுத்தைக் ‘கி’ என்றுதான் ஒலித்தார்கள். ‘ஜி’ பிற்கால உச்சரிப்பு. கைவிரலுக்கும் கால்விரலுக்கும் அவர்களுக்கு இது பொதுச்சொல். ஆங்கிலப் பேச்சுவழக்கில் கைவிரலுக்கு ஒரு சொல், கால்விரலுக்கு ஒரு சொல். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மருத்துவமும் உயிரியலும் லத்தீனிடம் போய் ‘டிஜிட்’டை எடுத்துக்கொண்டன. தமிழுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ‘விரல்’ என்றாலே இரண்டும் அடங்கும். வேண்டுமானால் முன்னால் கை, கால் என்று சேர்த்துக்கொள்கிறோம். ஆகவே அறிவியல் ஏட்டில் வரும் ‘டிஜிட்’டுக்கு ‘விரல்’ என்று எழுதினால் போதும். கன்னடத்தில் ‘பெரள்’, மலையாளத்தில் ‘விரல்’ என்று இது திராவிட மொழிகளின் பழைய பொதுச்சொத்து.

லத்தீன் சொல்லின் வேரைச் ‘சுட்டிக்காட்டு’ என்ற பொருளுள்ள ஒரு தொல்வேரோடு இணைப்பது நெடுநாளாக இருந்துவரும் கருத்து. மாற்றுக் கருத்து கொண்டவர்களும் உண்டு. அந்த இணைப்பை ஏற்றால், வடமொழியின் ‘திஷ்’ என்ற வேரும் அதே குடும்பம். தமிழில் வழங்கும் திசை, தேசம், உபதேசம் ஆகியவை அந்த வடமொழி வேரிலிருந்து வந்தவை. திசை என்பது கை நீட்டிக் காட்டும் பக்கம். உபதேசம் என்பது வழி காட்டுவது. தமிழிலும் இதே எண்ணம் தனியாக நடந்திருக்கிறது: சுட்டுவிரல், சுட்டுதல், இலக்கணத்தில் சுட்டெழுத்து. அவன், இவன் என்பவற்றின் முதலில் நிற்கும் அ, இ இரண்டும் எழுத்தால் நீட்டிய சுட்டுவிரல்கள்.

அளவு என்ற பொருளில் சொல் நகர்ந்ததுதான் நமக்கு மிக நெருக்கமான பகுதி. ரோமானியரின் ஓர் அடிக்கு 16 டிஜிட். ஒரு டிஜிட் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர், அதாவது விரலின் அகலம். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளக்கும் அவர்களது முழத்துக்கு 24 டிஜிட். இப்போது நம் பழைய நீட்டல் அளவையைப் பாருங்கள்: 12 விரற்கடை ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். அங்கும் 24, இங்கும் 24. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. மனிதக் கையின் உறுப்பளவு எங்கும் ஏறத்தாழ ஒன்று. வடமொழியில் ‘அங்குலம்’ என்றாலும் விரலளவுதான். பிற்காலத்தில் அந்தச் சொல்லைத் தமிழில் 2.54 சென்டிமீட்டர் உள்ள ஆங்கில அளவுக்குக் கொடுத்துவிட்டோம். பழைய சிற்ப நூலையோ கோயில் அளவையோ படிக்கிறவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். அங்கே வரும் அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கினால் சிலை இருக்க வேண்டியதைவிடக் கால்பங்குக்கு மேல் பெரிதாகிவிடும். சமையலறையில் அரிசிக்கு மேல் விரல் கணு அளவு தண்ணீர் வைக்கும் கையில் இந்த அளவு இன்னும் உயிரோடு இருக்கிறது.

எண்ணாக மாறியது எப்படி? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பத்து விரல் இருக்கிறது, அதனால் எண் வந்தது’ என்று ஒரே வரியில் சொல்வது பாதி உண்மை. ஐரோப்பாவில் விரல் வெறும் ஒன்று, இரண்டு எண்ணும் கருவியாக மட்டும் இருக்கவில்லை. 725-ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் துறவி பீட் காலக் கணக்கு பற்றி எழுதிய நூலின் தொடக்கத்திலேயே, இரண்டு கைகளால் 9,999 வரை காட்டும் முறையை விளக்கியிருக்கிறார். இடக்கையின் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் மூன்றும் ஒன்றாம் இடம். அதே கையின் சுட்டுவிரலும் கட்டைவிரலும் பத்தாம் இடம். வலக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நூறு. மற்ற மூன்றும் ஆயிரம்.

ஒன்றாம் இடத்தை மட்டும் செய்து பாருங்கள். சுண்டுவிரலை உள்ளங்கையின் நடுவில் படும்படி மடக்கினால் 1. மோதிர விரலும் சேர்ந்தால் 2. நடுவிரலும் சேர்ந்தால் 3. இப்போது சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்தினால் 4. மோதிர விரலையும் நிமிர்த்தினால் 5. நடுவிரலை நிமிர்த்தி மோதிர விரலை மட்டும் மடக்கினால் 6. ஏழுக்கு மறுபடியும் சுண்டுவிரல்தான், ஆனால் உள்ளங்கையின் அடிப்பகுதி வரை தாழ்ந்து படிய வேண்டும். அதே போல மோதிர விரல் சேர்ந்தால் 8, நடுவிரலும் சேர்ந்தால் 9. எல்லாரும் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, 1-க்கும் 7-க்கும் வேறுபாடு விரல் எங்கே படுகிறது என்பதில் மட்டும் இருப்பது. மற்றொன்று ஆறு: மோதிர விரல் தனியாக மடங்காது, பக்கத்து விரல்களை இழுத்துக்கொண்டு வரும். விரல்களை மடக்கும் ஆழ்தசையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றின் பங்கும் முன்கையில் ஒட்டியே இருப்பதுதான் காரணம். அந்தத் தசையின் மருத்துவப் பெயரிலேயே ‘டிஜிட்டோரம்’, அதாவது ‘விரல்களின்’, என்ற சொல் இருக்கிறது.

இந்தப் பழக்கத்திலிருந்துதான் இடைக்கால ஐரோப்பியக் கணிதப் பாடங்கள் எண்களை மூன்றாகப் பிரித்தன. 1 முதல் 9 வரை ‘விரல்கள்’. 10, 20, 30 போன்றவை ‘கணுக்கள்’. 12, 47 போல இரண்டும் கலந்தவை ‘கூட்டு எண்கள்’. ஆகப் பத்து விரல் இருந்தும் ‘டிஜிட்’ ஒன்பதுதான். பத்து என்றதும் அது கணுவாகிவிடுகிறது. அப்போது டிஜிட் என்பது எழுதும் குறியின் பெயரும் அல்ல. ஓர் எண்ணின் வகை. இந்தியாவில் பிறந்து அரபு நாடுகள் வழியாகப் போன இடமதிப்பு எண்முறை ஐரோப்பாவில் வேரூன்றிய பிறகு, அந்த ஒன்பது சிறு எண்களைக் குறிக்கும் ஒன்பது குறிகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் சொல் புழங்கத் தொடங்கியது 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில்.

சுழியத்துக்கு விரல் கிடையாது. எந்த விரலையும் மடக்காத கைதான் சுழியம். அதனால் நெடுங்காலம் அது தனிப் பெயரோடு வெளியே நின்றது. வடமொழிச் ‘சூன்யம்’ அரபில் வெறுமை என்று பொருள்படும் ‘சிஃப்ர்’ ஆனது. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் ‘சைபர்’ ஆனது. அந்தச் ‘சைபர்’தான் தமிழ்ப் பேச்சில் இன்றும் பூஜ்யத்தைக் குறிக்கிறது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இதே அரபுச் சொல் வழிவந்த சொற்களே இன்று ‘டிஜிட்’டுக்கு உரிய சொற்கள். வெறுமைக்கு வைத்த பெயர் பத்துக் குறிகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இங்கே ஒரு எச்சரிக்கை: ‘சைபர் பாதுகாப்பு’ என்று தமிழில் எழுதும்போது வரும் சைபர் இதுவல்ல. அது கப்பலோட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த வேறு சொல். தமிழில் இரண்டும் ஒரே எழுத்தில் வந்து குழப்புவதால், சிங்கப்பூரில் ‘இணையப் பாதுகாப்பு’ என்று எழுதுவதையே நான் ஆதரிப்பேன்.

இனி ‘டிஜிட்டல்’. கணிப்பொறிக்கு முன்பே இந்தச் சொல் இருந்தது. ‘விரல் சார்ந்த’ என்பதே அதன் பொருள். 1942-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், மின் துடிப்புகளை எண்ணிக் கணக்கிடும் கருவிகளுக்கு இந்தப் பெயரைப் பரிந்துரைத்தார். அதற்கு எதிர்நிலையில் இருப்பது ஊசி நகரும் கருவி. பழைய ஊசித் தராசில் மீனை வைத்தால் ஊசி 1-க்கும் 2-க்கும் நடுவில் எங்கோ நடுங்கி நிற்கும். எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் தீர்மானிக்க வேண்டும். திரைத் தராசு 1.35 என்று சொல்லிவிடும், 1.35-க்கும் 1.36-க்கும் நடுவில் எதையும் சொல்லாது. விரலால் எண்ணுவதும் அப்படித்தான். மடங்கினால் ஒன்று, மடங்காவிட்டால் இல்லை. பாதி மடங்கிய விரலுக்குக் கணக்கில் இடமில்லை. படிப்படியாகத் தாவும் இந்தத் தன்மைதான் டிஜிட்டலின் உயிர். மின்சாரம் அதற்குக் கட்டாயமில்லை. சீன மணிச்சட்டம் முழுக்க முழுக்க டிஜிட்டல் கருவி. அதில் ஒரு கம்பி மின்சாரமும் ஓடவில்லை.

‘பிட்’ என்பதும் இந்த வீட்டுப் பிள்ளைதான். ‘இருமை இலக்கம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. கிளாட் ஷானன் 1948-இல் வெளியிட்ட கட்டுரை வழியாகப் பரவியது, சொல்லை உருவாக்கியவர் ஜான் டூக்கி. மகளுக்கு இருமை எண்ணைப் புரியவைக்க விரலைவிட நல்ல கருவி கிடையாது. கட்டைவிரல் 1, சுட்டுவிரல் 2, நடுவிரல் 4, மோதிர விரல் 8, சுண்டுவிரல் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்த விரல்களைக் கூட்டினால் எண். கட்டைவிரலும் நடுவிரலும் நிமிர்ந்தால் 5. ஐந்தும் நிமிர்ந்தால் 31. அடுத்த கையில் 32 முதல் தொடர்ந்தால் இரண்டு கைக்கும் சேர்த்து 1,023. 4 வரும்போது நடுவிரல் மட்டும் நிற்கும், அது பலருக்கு வசைச் சைகை. அதனால் கையைத் தூக்கிக் காட்டாமல், மேசைமேல் வைத்து விரலைத் தட்டி எண்ணச் சொல்லுங்கள்.

இப்போது தமிழ்ப் பக்கம். ‘இலக்கம்’ என்ற சொல்லை அகராதியில் பார்த்தால் குறி, எய்யும் இலக்கு, எண், நூறாயிரம் என்று பல பொருள் இருக்கும். ‘குறி, அடையாளம்’ என்று பொருள்படும் வடமொழி ‘லக்ஷ’ என்பதிலிருந்து வந்ததாகப் பொதுவாகக் கொள்வர். தமிழ் வேரே என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். எப்படியாயினும் இலக்கு, இலக்கணம், இலக்கியம், இலட்சம், இலட்சணம் எல்லாம் இதோடு ஒரே வரிசையில் நிற்கும் சொற்கள். ஐரோப்பியர் கையைப் பார்த்து எண்ணுக்குப் பெயர் வைத்தார்கள். நம் சொல் ஓலையிலும் கல்லிலும் கீறிய குறியைப் பார்த்து வந்தது. எனக்கு நம் சொல்தான் துல்லியமாகப் படுகிறது, ஏனென்றால் இன்று டிஜிட் என்பது குறியே தவிர விரல் அல்ல.

சிங்கப்பூரில் இருப்பதால் இதை மலாயோடு ஒட்டிப் பார்க்கவும் முடியும். மலாயில் எண்குறிக்கு ‘அங்கா’ என்பார்கள்; அதுவும் ‘குறி’ என்று பொருள்படும் வடமொழி ‘அங்க’ என்பதிலிருந்து வந்ததுதான். ‘லக்ஷ’ மலாய்க்குப் போனபோது மதிப்பு குறைந்துவிட்டது: தமிழில் இலட்சம் 1,00,000, மலாயில் ‘செலக்சா’ 10,000. உறுப்பு எண்ணாவதற்கான மிகத் தெளிவான சான்றும் மலாயில்தான் இருக்கிறது. ஐந்துக்கு ‘லீமா’ என்கிறார்கள். அந்த மொழிக்குடும்பத்தின் பழைய சொல்லில் அதற்குக் கை என்றும் பொருள். ஹவாய் மொழியில் இன்றும் ‘லீமா’ கையையும் ஐந்தையும் குறிக்கிறது.

தேக்கா சந்தையில் சீனக் கடைக்காரரிடம் விலை கேட்டால் ஒரே கையால் பதில் வரலாம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்தால் 6. கட்டைவிரலும் சுட்டுவிரலும் விரிந்தால் 8. அதை 2 என்று எடுத்துக்கொண்டால் கணக்கு நான்கு மடங்கு தவறும். நாமோ விரல்களின் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டு எண்ணுகிறோம்: நான்கு விரல், விரலுக்கு மூன்று, ஆக ஒரு கையில் 12. ஒவ்வொரு 12 முடிந்ததும் மறுகையில் ஒரு விரலை மடக்கினால் 60 வரை போகலாம். ‘விரல் விட்டு எண்ணிவிடலாம்’ என்பது மிகக் குறைவு என்று சொல்லும் வழக்கு. கணுவைத் தொட்டு எண்ணும் கைக்கு அந்த வழக்கு பொருந்தாது.

பள்ளிக்கூடத் தமிழில் எண், எண்ணுரு, இலக்கம் மூன்றும் கலந்துவிடுவதுதான் அதிகம் பார்க்கும் பிழை. எண் என்பது மதிப்பு. அதை எழுதிக் காட்டும் வடிவம் எண்ணுரு. எண்ணுருவில் உள்ள ஒவ்வொரு குறியும் இலக்கம். 235 ஓர் எண். அதில் மூன்று இலக்கங்கள். அதையே பழைய தமிழ் முறையில் ௨௱௩௰௫ என்று எழுதுவார்கள். மதிப்பு மாறவில்லை, குறிகள் ஐந்தாகிவிட்டன, ஏனென்றால் அந்த முறையில் நூறுக்கும் பத்துக்கும் தனிக் குறி உண்டு, இடமதிப்பு இல்லை. இலக்கங்களை எண்ணி எண்ணின் அளவை ஊகிக்கும் பழக்கம் இடமதிப்பு முறையில் மட்டுமே செல்லும். எழுதும்போது ஓரிலக்க எண், ஈரிலக்க எண், மூவிலக்க எண் என்று சேர்த்தெழுதுங்கள். ‘இரண்டு இலக்க எண்’ பிழையில்லை, ஆனால் ‘இரண்டு எண்’ என்று சுருக்கினால் பொருளே வேறு.

இலக்கத் தொடர் எல்லாமே எண்ணும் அல்ல. தேக்கா சந்தை இருக்கும் கட்டடமான தேக்கா நிலையத்தின் அஞ்சல் குறியீடு 210665. முதல் 2 இலக்கங்கள் அஞ்சல் வட்டாரம். கடைசி 3 இலக்கங்கள் புளோக் 665, அதாவது கட்டட எண். அதை இரண்டு இலட்சத்துப் பத்தாயிரத்து அறுநூற்று அறுபத்தைந்து என்று யாரும் வாசிப்பதில்லை. ஒவ்வோர் இலக்கமாகத்தான் சொல்கிறோம். மரினா பே சேண்ட்சின் குறியீடு 018956. இதை எக்செல்லில் அப்படியே தட்டினால் முன்னால் இருக்கும் 0 மறைந்து 18956 ஆகிவிடும். மென்பொருள் அதை எண்ணாக எடுத்துக்கொண்டதே காரணம். எண்ணுக்கு முன்சுழியம் மதிப்பற்றது, குறியீட்டுக்கு அது இன்றியமையாதது. தட்டுவதற்கு முன் அந்த நெடுவரிசையை ‘எழுத்து’ வகையாக மாற்றிவிட வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் போன சுழியம் திரும்பாது. ஃபோர்-டி என்ற நான்கிலக்க லாட்டரியில் 0012 என்பது 12 ஆகாததும் இதனால்தான்: 0000 முதல் 9999 வரை எல்லாமே நான்கிலக்கத் தொடர்கள், மொத்தம் 10,000.

‘மின்னிலக்கம்’ என்ற சொல் மின் + இலக்கம். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற விதிப்படி இரண்டு ‘ன’கரம் வரும்; ‘மினிலக்கம்’ என்று எழுதுவது தவறு. தமிழகத்தில் ‘டிஜிட்டல்’ என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள், ‘எண்ணிம’ என்ற ஆக்கமும் உண்டு. சிங்கப்பூரில் 2024-இல் பெயர் மாறிய அமைச்சே ‘மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சு’. மணிச்சட்டத்தைப் பற்றி மேலே சொன்ன காரணத்தால் ‘மின்’ கோட்பாட்டுக்குச் சற்று மிகை. ஆனால் ‘இலக்க’ என்று தனியாக விட்டால் ‘இலக்கு’ என்று வாசித்துவிடுவார்கள் என்பதால் அந்த முன்னொட்டு பயனுள்ளதே. ‘மின்னணு’ என்று மட்டும் மாற்றி எழுதாதீர்கள். அது எலக்ட்ரானிக் என்பதற்கு உரியது. ஊசி வைத்த பழைய வானொலியும் மின்னணுக் கருவிதான், மின்னிலக்கக் கருவி அல்ல.

மருத்துவத் தாளில் மட்டும் இந்தச் சொல்லைக் கண்டால் நின்று யோசியுங்கள். ‘டிஜிட்டல் எக்ஸாமினேஷன்’ என்று மருத்துவர் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் கணினிப் படம் அல்ல. கையுறை போட்ட விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை. பெற்றோருக்கு அதை ‘மின்னிலக்கப் பரிசோதனை’ என்று மொழிபெயர்த்துச் சொன்னால் அவர்கள் ஏதோ இயந்திரத்தை எதிர்பார்த்துப் போய் அதிர்ச்சி அடைவார்கள். இதய நோய்க்குக் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரையின் பெயரிலும் விரல்தான் இருக்கிறது. அது கிடைக்கும் செடியின் பூ, தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் போல இருப்பதால், 1542-இல் ஜெர்மன் மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் அந்தச் செடிக்கு ‘டிஜிட்டாலிஸ்’ என்று பெயர் வைத்தார்.